ஒரு டின்னுக்கு ஒரு கைப்பிடி

சேசு மரி சூசை துணை
ருவான்வெல்லை ரப்பர் தோட்டம்
1927 பெப்ரவரி 13, ஞாயிறு

மாப்பிள்ளை அருளப்பனுக்கு அமிர்தநாதன் எழுதிக்கொண்டது.

நான் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையின் தலையில் போன மாதம் இரண்டாம் தரம் தண்ணீர் ஊற்ற விட்டீர். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தீர். குற்றம் இதுதான். க்ஷேம சமாசாரங்களைக் கடைசியில் எழுதுகிறேன், இடம் இருந்தால்.

எனக்குச் சொன்னது யார் தெரியுமா? வண்டிக்காரக் கன்னையா. உங்கள் புளத்கொகுபிட்டியப் பக்கம் சுமை இறக்கிவிட்டு வந்தவன், ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூட்டு வாசலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டே, "என்னங்க, உங்க தங்கச்சி மகளைப் புதுசா வேதத்துல சேத்தாங்களாமே. அப்போ இத்தனை வருஷமா அது எங்க ஆளா இருந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் முருகனுக்குக் காவடி எடுக்கிறவன். அவன் சிரிக்கிறபடி என்னை நிறுத்திவிட்டீர்.

நடந்தது உமக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். மறந்தவர்களுக்குத்தானே எழுத வேண்டும்.

1908ஆம் வருஷம் ஐப்பசி மாதம் அரநாயக்கத் தோட்டத்தில் நாம் ஒரே லயத்து வரிசையில், ஒரு சுவர் தள்ளி அடுத்தடுத்த காம்பராவில் இருந்தோம். வாந்திபேதி வந்தது. துரை லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் பச்சைத் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று காவல் போட்டார். வீட்டில் அடுப்பு மூட்டவும் தடை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா பெரிய அண்டாவில் மல்லி விதை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து, வீட்டுக்கு ஒரு செம்பு என்று அளந்து ஊற்றினார். மூன்று வாரம் குடிக்கவும் கழுவவும் நமக்கு அதுதான் தண்ணீர்.

உம்முடைய தெரேசம்மாளுக்கு அப்போது மூன்று மாதம். சுவாமியார் வருஷத்தில் மூன்று தரம் வருகிற காலம். அதனால் அவள் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. ஒரு விடியற்காலை அவளுக்குக் கண் செருகியது. நீர் காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தீர். கயிற்றைத் தாண்டி ஆள் அனுப்ப முடியாது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதை நானாகவே படித்து வைத்திருந்தேன். என் தங்கை மரியாயி செம்பை நீட்டினாள். பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே என்று சொல்லி ஊற்றினேன். பிள்ளை பிழைத்தது.

நாலாம் மாதம் பழைய சுவாமியார் குதிரையில் வந்தார். "தண்ணீர் ஊற்றினாயா?" என்றார். ஊற்றினேன் சுவாமி என்றேன். "என்ன வார்த்தை சொன்னாய்?" என்றார். சொல்லிக் காட்டினேன். ஒன்றும் பிசகவில்லை என்று, உப்பும் எண்ணெயும் வைக்கிற மீதிச் சடங்கை முடித்து, புத்தகத்தில் எழுதினார். எழுதிய புத்தகத்தை இப்போது வந்த சுவாமியார் எப்படி அழிக்கிறார்?

அன்றைக்கு அந்தச் செம்பிலிருந்து வேறு யாருக்கு ஊற்றினேன் என்பதை நீரும் என் தங்கையும் நினைத்துப் பார்க்கவில்லை. அதை நான் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்து கல்யாணம் என்று கேள்வி. தாய்மாமன் இல்லை என்று வைத்துக்கொண்டு நடத்தும்.

இடம் இருக்கிறது. ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய். இது உமக்கு அல்ல, மரியாயிக்கு.

இப்படிக்கு
அமிர்தநாதன்


புளத்கொகுபிட்டிய
1927 பெப்ரவரி 20

மிகுந்த அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு அருளப்பன் தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதத்தை மரியாயிக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க அண்ணனுக்குக் கோவம் வந்தாத்தான் கையெழுத்து நல்லா இருக்கும். பாருங்க, அச்சு மாதிரி இருக்கு" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு இரண்டும் கிடாயா என்று திரும்பக் கேட்டாள்.

மறைத்தது எங்கள் பிழை. மன்னிக்க வேண்டும். நடந்ததைச் சொல்கிறேன். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஞானஸ்நானச் சான்று கேட்கப் போனோம். புது சுவாமியார் இளவயசு, வெள்ளைக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். புத்தகத்தில் "மரண ஆபத்தில் மாமனால் கொடுக்கப்பட்டது" என்று இருந்தது. கூட இருந்தவர் யார் என்றார். மரியாயி முன்னால் வந்தாள்.

"எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள், அம்மா?"

"அண்டாத் தண்ணிங்க சாமி. மல்லி போட்டது."

"மல்லியா?"

"வாந்திபேதிக்குங்க. பச்சைத் தண்ணிக்குக் காவல் போட்டிருந்தாங்க."

சுவாமியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், கடல் தண்ணீர் எல்லாம் செல்லும். பால் செல்லாது, குழம்பு செல்லாது. நடுவில் இருக்கிறது சந்தேகம் என்றார். சந்தேகத்தோடு ஒரு பெண்ணைக் கல்யாணத்துக்கு நிறுத்தக் கூடாதாம். அதனால் "நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று முன்னால் சொல்லிக்கொண்டு ஊற்றினார். நீங்கள் கொடுத்தது செல்லாது என்று அவர் சொல்லவே இல்லை. அது செல்லுமானால் இவர் ஊற்றியது ஒன்றுமில்லை. செல்லாதிருந்தால் இப்போது செல்லுபடியாயிற்று. அவ்வளவுதான்.

எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பிள்ளை சாகக் கிடக்கையில் ஒருவர் ஊற்றுகிறதை, ஆண்டவர் மல்லி எவ்வளவு என்று அளந்து பார்த்துக்கொண்டா இருந்திருப்பார்? இதைப் பெரிது பண்ணாமல் வாருங்கள். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் கோயில் வாசல் வருவேன் என்று தெரேசம்மா சொல்கிறாள். கல்யாணம் ஏப்ரல் 27, புதன்கிழமை.

அன்புள்ள
அருளப்பன்


ருவான்வெல்லை
1927 பெப்ரவரி 27, ஞாயிறு

மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர், ஒன்றைத் தவிர. ஆகையால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

அந்தச் செம்பில் முதல் பாதியை, மரியாயி பார்த்திருக்க, என் மகள் அடைக்கலத்துக்கு ஊற்றினேன். அவளுக்கு ஐந்து மாதம். மீதிப் பாதியைத்தான் சுவர் தாண்டி வந்து உம்முடைய மகளுக்கு ஊற்றினேன். ஒரே செம்பு, ஒரே கை, ஒரே வார்த்தை. உம்முடைய மகள் பிழைத்தாள். என் மகள் விடிந்ததும் போய்விட்டாள்.

உம்முடைய சுவாமியார் "பெறாதிருந்தால்" என்று சொன்னபோது அது தெரேசம்மாள் தலையோடு நின்றதாக நினைக்கிறீரா? இரண்டாம் பாதி சந்தேகம் என்றால் முதல் பாதியும் சந்தேகம். உம்முடைய மகளுக்கு மறுபடி ஊற்றிக்கொள்ளலாம், தலை இருக்கிறது. என் மகளுக்கு எதில் ஊற்றுவது?

தண்ணீராலும் ஆவியாலும் பிறவாதவர் உள்ளே வர முடியாது என்று கர்த்தர் சொன்னதை, சுவாமியார் வராத ஞாயிறுகளில் நான் லயத்தில் வாசித்துக் காட்டி வருகிறேன். பச்சைப் பிள்ளைகளுக்கும் அதுதான். நான் அதைத் தளர்த்தி வாசித்ததில்லை. என் வீட்டுக்காரி சாகும்போது, "அடைக்கலம் வாசல்ல நிப்பா, எனக்குப் பயமில்லை" என்று சொல்லிவிட்டுக் கண் மூடினாள். அவள் போன இடத்தில் பிள்ளை நிற்கவில்லை என்று இப்போது ஒருவர் எனக்குச் சொல்ல முடியாது.

ஆண்டவர் அளந்து பார்ப்பாரா என்று கேட்டிருக்கிறீர். அவர் பார்க்க மாட்டார் என்றால் உம்முடைய சுவாமியார் ஏன் பார்த்தார்?

சரி, அளப்போம். நான் பதினாறு வருஷமாக ரப்பர்ப் பாலோடு வேலை செய்கிறவன். பாலில் ஆசிட் விட்டால் உறைந்து வேறு பொருளாகிறது. அதற்குப் பிறகு அதைப் பால் என்று யாரும் சொல்வதில்லை. மல்லி போட்ட தண்ணீர் உறையவில்லை. ஓடுகிறது, நனைக்கிறது, அழுக்கைக் கழுவுகிறது. அந்த மூன்று வாரமும் நாம் அதில்தான் முகம் கழுவினோம். குழம்பில் யாராவது முகம் கழுவினதுண்டா?

இன்னொன்று. பழைய சுவாமியார் அன்றைக்குப் புத்தகத்தில் தெரேசம்மாள் பெயரை மட்டும் எழுதினார். அடைக்கலத்தையும் எழுதுங்கள் சுவாமி என்றேன். "இறந்த பிள்ளைக்குச் சான்று யார் கேட்கப் போகிறார்கள்?" என்று புத்தகத்தை மூடினார். நானும் விட்டுவிட்டேன். வாழ்நாளில் நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தரம்தான். அதன் பலனை இப்போது பார்க்கிறேன்.

கன்னையா வண்டியில் ஒரு புட்டி அனுப்புகிறேன். டிஸ்பென்சர் ஐயா போட்ட அளவு எனக்கு நினைவிருக்கிறது: ஒரு மண்ணெண்ணெய் டின் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி மல்லி. அதே அளவில் காய்ச்சியது. இதை மூன்று பேரிடம், காரணம் சொல்லாமல், இது என்ன என்று கேட்டு அவர்கள் சொன்னதை எழுதும். நம்முடைய வேதத்துக்காரர் வேண்டாம், நம் பக்கம் பேசுவார்கள். கேட்ட பிறகு சுவாமியாரிடம் போய், என் மகள் பெயரைப் புத்தகத்தில் எழுத முடியுமா முடியாதா என்று கேளும். எழுதினால் கல்யாணத்துக்கு வருகிறேன். இல்லையென்றால் வரமாட்டேன்.

அமிர்தநாதன்


புளத்கொகுபிட்டிய
1927 மார்ச் 13

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மரியாயிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அடைக்கலத்தை நாங்கள் மறக்கவில்லை மச்சான். எப்படி எழுதுவதென்று தெரியாமல் விட்டோம்.

இனி புட்டி விஷயம். கன்னையா நேரே வரவில்லை. வழியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாலாம் நாள் வந்து சேர்ந்தான். தக்கையைத் திறந்ததும் மரியாயி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். இதை எவரிடமும் காட்டி இது என்ன என்று கேட்டால் நமக்கு நல்ல பதில் வராது என்று கொட்டிவிட்டோம். கோபிக்க வேண்டாம். உங்கள் அளவிலேயே இங்கே புதிதாகக் காய்ச்சினோம்.

அதிலும் ஒரு தகராறு. கைப்பிடி யாருடைய கைப்பிடி என்று தெரேசம்மா கேட்டாள். என் கை பெரிது, மரியாயி கை சின்னது. கடைசியில் மரியாயி கையால் போட்டோம்.

முதலில் பஜாரில் ஜுனைதீன் முதலாளி கடைக்குப் போனேன். கிளாசில் ஊற்றி நீட்டினேன். முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். "அருளப்பன், எந்தக் கடையில மல்லி வாங்கினீங்க? வாசமே இல்லையே. வெறும் தண்ணி. நம்ம கடைக்குப் புதுச் சரக்கு வந்திருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். கால் றாத்தல் வாங்கிக்கொண்டுதான் வர முடிந்தது. அவர் சொன்னதை நீங்கள் எந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறீர்களோ எனக்குத் தெரியாது. எனக்கு நம்முடைய பக்கம் என்றுதான் படுகிறது.

இரண்டாவது, சந்தைக்கு வெற்றிலை கொண்டுவரும் சிங்களக் கிழவி. அவள் குடித்ததுமே "கொத்தமல்லி" என்றாள். சளி பிடித்தால் அவர்கள் வீட்டில் காய்ச்சுகிறதாம், இஞ்சி போடவில்லையா என்று என்னைக் கேட்டாள். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாவது பழனியாண்டி. உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அரநாயக்கையில் பீலிக்குக் காவல் நின்றவன். பத்து வருஷமாக இங்கேதான் தேயிலை பறிப்புக்குக் கங்காணி. மலையிலிருந்து இறங்கி வரும்போது வழியில் மறித்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "தண்ணிதானே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றான். பிறகு கிளாசை முகர்ந்து பார்த்தான். என்னப்பா என்றேன்.

"இந்த வாசம் அந்த வாந்திபேதி வருஷத்து வாசமுங்க" என்றான். "அன்னிக்கு விடியக்காலம் அமிர்தநாதன் அண்ணே பீலிக்கிட்ட வந்து நின்னாரு. ஒரே ஒரு கை தண்ணி விடுப்பா, குடிக்க இல்லே, பிள்ளை தலையில ஊத்தன்னு கேட்டாரு. நான் தடியைக் குறுக்கே வெச்சேன். பச்சைத் தண்ணி பட்டா பிள்ளை செத்துரும்னு நெனச்சேன். வேலை போயிரும்னும் நெனச்சேன். அவரு வெறுஞ்செம்போட திரும்பிப் போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல அவரு வீட்ல அழுகைச் சத்தம் கேட்டுச்சு. கொடுத்திருக்கலாம்னு இன்னிக்கும் தோணும்."

நீங்கள் பீலிக்குப் போனதை எங்களிடம் இத்தனை வருஷம் சொன்னதே இல்லையே மச்சான்.

சுவாமியார் தபசுகாலத்துக்குத் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு வாரத்தில் வருவார். வந்ததும் கேட்கிறேன். தெரேசம்மா உங்களுக்கு ஒரு துப்பட்டி ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாள். வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாரே என்றேன். "மாமா வராட்டி கன்னையாகிட்ட குடுத்தனுப்புறேன், நாலு நாள்ல போயிரும்" என்றாள்.

அருளப்பன்


ருவான்வெல்லை
1927 மார்ச் 20, ஞாயிறு

மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

மூன்று பேரில் இரண்டு பேர் தண்ணீர் என்றிருக்கிறார்கள். சிங்களக் கிழவியை நீர் கேட்டிருக்கவே கூடாது. அவர்கள் கொத்தமல்லியை மருந்தாகக் குடிக்கிறவர்கள், நாக்கு அதைத் தேடும். ஆனாலும் மறைக்காமல் எழுதினதற்காக உம்மைப் பற்றி என் எண்ணம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது.

மரியாயி கையால் போட்டது சரி. டிஸ்பென்சர் ஐயா சின்ன மனுஷர். அவர் கை ஒரு பெண்பிள்ளை கை அளவுதான். இதை யோசித்துச் சொன்ன தெரேசம்மாள் என் மருமகள்தான் என்பதில் சந்தேகமில்லை.

பீலிக்குப் போனதை நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பச்சைத் தண்ணீர் தேடிப் போனேன் என்றால், அண்டாத் தண்ணீரில் எனக்கே சந்தேகம் இருந்தது என்று ஆகும். இருந்தது. போகும்போது இருந்தது. பழனியாண்டி தடியை வைத்ததும் திரும்பி வந்தேன். வீட்டில் மரியாயி நீட்டின அண்டாத் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன். எனக்கு வேறு தண்ணீர் இல்லை, ஆண்டவருக்கும் என் மகளிடம் வர வேறு தண்ணீர் இல்லை என்று நினைத்து ஊற்றினேன். ஊற்றும்போது சந்தேகம் இல்லை. அது தீர்ந்துபோன இடத்தில் அந்த இளவயசுக்காரர் மறுபடி மூட்டினார். அதுதான் என் கோபம்.

பழனியாண்டியிடம் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லும். வேண்டாம், சொல்லாதேயும். அதை நான் நேரில் சொல்ல வேண்டியது.

நேரில் என்று எழுதினதை வைத்து நான் கல்யாணத்துக்கு வருவதாக மரியாயியிடம் சொல்ல வேண்டாம். சுவாமியார் பதில் வரட்டும்.

கிடாய்க் குட்டிகளில் ஒன்று புகைக்கூட்டுக்குள் புகுந்து காயப்போட்ட ரப்பர் ஷீட்டை மென்றுவிட்டது. எங்கள் தோட்டத்து ஐயா என்னைக் கேட்டார். நானும் குட்டியைக் கேட்டேன்.

அமிர்தநாதன்


புளத்கொகுபிட்டிய
1927 ஏப்ரல் 3

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

சுவாமியார் வெள்ளிக்கிழமை வந்தார். சிலுவைப்பாதை முடிந்ததும் மூவரும் போய் நின்றோம். புதிதாகக் காய்ச்சிய தண்ணீரை மரியாயி செம்பில் கொண்டு வந்திருந்தாள். நீங்கள் எழுதின எல்லாவற்றையும், ரப்பர்ப் பால், ஜுனைதீன் முதலாளி, கிழவி, பழனியாண்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குழம்பில் முகம் கழுவினதுண்டா என்ற இடத்தில் சுவாமியார் சிரித்துவிட்டார். பிறகு செம்பை வாங்கி, கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். மீதியைக் குடித்தார்.

"சாதாரண சனங்கள் எதைத் தண்ணீர் என்கிறார்களோ அதுதான் தண்ணீர் என்று எங்கள் படிப்பிலும் இருக்கிறது. உங்கள் மச்சான் இதை எங்கே படித்தார்?" என்று கேட்டார். எங்கும் படிக்கவில்லை சுவாமி, அவராகவே படித்துக்கொள்கிறவர் என்றேன்.

மச்சான், இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜனவரி மாதமே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சுவாமியார் ஊற்றப் போகும்போது தெரேசம்மா தலையைக் குனியவில்லை. "அந்தச் செம்புல என் மாமா மகளுக்கும் ஊத்தினாங்க. எனக்கு ஊத்தினா அவளுக்கு என்னாகும்?" என்று கேட்டாள். சுவாமியார் சொன்னார்: "உனக்குச் சந்தேகத்தைத் தீர்க்க என்னிடம் வழி இருக்கிறது. அதனால் தீர்க்கிறேன். அவளுக்கு என்னிடம் வழி இல்லை. வழி இல்லாத இடத்தில் சந்தேகம் வைக்கிற அதிகாரமும் எனக்கு இல்லை. அவளை நான் ஆண்டவர் கையிலிருந்து திரும்ப வாங்க மாட்டேன்." அதன் பிறகுதான் குனிந்தாள். மாமன் வயசான மனுஷர், இதைக் கேட்டால் உடைந்துபோவார், இப்போது சொல்ல வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னதும் சுவாமியார்தான். அதனால் மறைத்தோம். வேறு காரணம் இல்லை.

உடையக்கூடிய ஆள் நீங்கள் இல்லை என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

பெயர் எழுதுகிற விஷயம். எழுதுவாராம். ஆனால் ஊற்றினவரும் பார்த்தவரும் அவர் முன்னால் நின்று சத்தியமாகச் சொல்லி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தில் செல்லாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஏப்ரல் 26 சாயங்காலம் புத்தகத்தோடு இங்கே தோட்டத்துக் கோயிலில் இருப்பார். பார்த்தவள் இங்கே இருக்கிறாள். ஊற்றினவர் வருவாரா என்று கேட்டார். நான் என்ன சொல்லட்டும்?

மரியாயி உங்கள் பாய்க்கு வெயில் காட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் வருவதாக நான் சொல்லவில்லை.

அருளப்பன்


சேசு மரி சூசை துணை
ருவான்வெல்லை
1927 ஏப்ரல் 10, குருத்து ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

உம்முடைய கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். தெரேசம்மாள் கேட்ட கேள்வியை மட்டும் அதற்கு மேலும் வாசித்தேன்.

சுவாமியார் சொன்ன பதிலில் பிழை கண்டுபிடிக்க ஒரு வாரம் முயன்றேன். கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றை இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு பேச்சு வேண்டாம். தெரேசம்மாளுக்கு ஞானஸ்நானம் ஒரே தரம்தான் நடந்தது, அது 1908இல் நடந்தது. போன ஜனவரியில் சுவாமியார் ஊற்றியது தலைக்குக் குளிர்ச்சி. இதில் நான் மாற மாட்டேன். அவரும் அவருடையதில் மாற வேண்டாம். இரண்டு பேரும் அப்படியே இருந்துகொண்டு கையெழுத்துப் போடலாம்.

நான் வருகிறேன். ஐயாவிடம் ஐந்து நாள் லீவு சொல்லியாயிற்று. கன்னையா வண்டியில் வருவேன். வழியில் எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் இறங்கக் கூடாது என்று அவனிடம் மாட்டின்மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். 26ஆம் தேதி மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். அதற்குள் நடக்க வேண்டியவற்றைக் கீழே எழுதுகிறேன். ஒன்றும் விடுபடக் கூடாது.

சுவாமியார் புதுப் பக்கத்தில் எழுதக் கூடாது. தெரேசம்மாள் பெயர் இருக்கிற அதே பக்கத்தில், அதற்கு மேலே இடம் கண்டுபிடித்து எழுத வேண்டும். முதல் பாதி அவளுடையது. பெயர் அடைக்கலம், தகப்பன் அமிர்தநாதன், தாயின் பெயரும் சேர வேண்டும். எதனால் ஞானஸ்நானம் என்று எழுதுகிற இடத்தில் மல்லி என்ற சொல் வரக் கூடாது. தண்ணீர் என்று எழுத வேண்டும். கிழவி சொன்னதை அவர் வேறு எங்காவது எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மரியாயி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. கையெழுத்துப் போட இன்றிலிருந்து பழக வேண்டும். கைநாட்டு வைத்தால் நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். பாயை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லும், வெயில் போதும்.

தெரேசம்மாள் கையெழுத்து வேளையில் கூட நிற்க வேண்டும். மறுநாள் காலையில் என் கையைப் பிடித்துத்தான் வாசலுக்கு வர வேண்டும். நான் மெதுவாக நடப்பேன், இழுக்கக் கூடாது. துப்பட்டியின் ஓரத்தை அவசரத்தில் தைக்க வேண்டாம்.

நீர் ஜுனைதீன் முதலாளி கடையில் வாங்கின கால் றாத்தல் மல்லியை எறும்பு ஏறாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஓர் அண்டா, பெரியது, கடன் கேட்டு வைக்கவும். விருந்தாளிகள் குடிக்கிற தண்ணீர் என் பொறுப்பு. வேதத்துக்காரர், சைவர், துலுக்கர், சிங்களவர் யார் வந்தாலும் முதலில் அதில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார வேண்டும். குடித்துவிட்டு அதை என்னவென்று சொல்கிறார்கள் என்பதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கிழவியையும் கூப்பிடும்.

கன்னையாவுக்கும் ஒரு கிளாஸ். அவன் சிரிக்காமல் குடிக்க வேண்டும்.

பழனியாண்டிக்கு வேலை இருக்கிறது. அண்டாவுக்குத் தண்ணீர் உங்கள் லயத்துப் பீலியிலிருந்து அவன்தான் பிடித்து வர வேண்டும். வேறு ஒருவரும் அன்றைக்குப் பீலியில் கை வைக்கக் கூடாது. முதல் கை தண்ணீரை என் கையில் ஊற்ற வேண்டும். அன்றைக்குக் கேட்டவன் வந்து கேட்கிறான், கொடுக்கச் சொல்லும்.

மல்லியை நான் போடுகிறேன். என் கை இப்போது சுருங்கி, டிஸ்பென்சர் ஐயா கை அளவுக்கு வந்துவிட்டது.

தெரேசம்மாளின் தாய்மாமனும்
அடைக்கலத்தின் தகப்பனுமாகிய
அமிர்தநாதன்